வேலி விழுங்கிய இரும்பு

12.09.2016

எங்கள் காணியையும் இராணுவம் விட்டுவிட்டது என்று போன கிழமை கிராம சேவையாளர் தொலைபேசியில் சொன்னார். இன்று பருத்தித்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் புன்னைவளைக்கு வந்தேன். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு.

வீடு இல்லை. அத்திவாரக் கல்லைக்கூட யாரோ கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். கிணறு இருக்கிறது, கட்டு உடைந்து, பாதிவரை குப்பை. தெருவுக்குப் போகும் ஒழுங்கை இருந்த இடத்தில் ஆளுயரப் பற்றை. கிராம சேவையாளர் சின்னப் பெண். வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, "அம்மா, உங்கடை காணிக்கு எல்லை எது எண்டு காட்டுவீங்களோ?" என்று கேட்டாள். மேற்குப் பக்கத்தைக் காட்டினேன். அந்த ஒரு வேலிதான் மிச்சம்.

அதை வேலி என்று இனிச் சொல்ல முடியாது. நாங்கள் நட்டது பூவரசங் கதியால்கள், மணிக்கட்டுத் தடிப்பில் வெட்டிய உயிர்த்தடிகள். இடையிடையே கிளுவை. வருடத்துக்கு ஒருமுறை தலையை வெட்டிக் கிடுகு கட்டி அடைப்போம். வெட்ட ஆளில்லாமல் போக, ஒவ்வொரு கதியாலும் மரமாகிவிட்டது. ஒன்றோடொன்று முட்டி, காற்றில் உரசி, பட்டை தேய்ந்து, தேய்ந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு விட்டன. ஒரு மரத்தில் புறப்பட்ட கிளை அடுத்த மரத்துக்குள் போய் முடிகிறது. எது யாருடைய கிளை என்று தெரியவில்லை. இடையில் அகப்பட்ட கிளுவைகள் மட்டும் ஒட்டவில்லை. நசிந்து தட்டையாகி, தங்கள் தோலோடு தனியே நிற்கின்றன. ஒரு பூவரசுக்கு அடியே இல்லை. கறையான் தின்று, நிலத்துக்கு மேலே ஒரு முழத்துக்கு வெறும் காற்று. பக்கத்து மரங்கள் இரண்டும் தாங்கிக்கொண்டிருக்க, அது பச்சையாகத் தழைத்து மஞ்சள் பூவும் பூத்திருக்கிறது.

கிராம சேவையாளர் அதைக் கைபேசியில் படம் எடுத்தாள். நான் அந்தப் பக்கம் அதிகம் பார்க்கவில்லை.

22.09.2016

தகரக் கொட்டில் போட்டாயிற்று. மகன் வாகீசன் கனடாவிலிருந்து கூப்பிட்டு, வீடு கட்டி முடியும்வரை பருத்தித்துறையிலேயே இருக்கச் சொன்னான். முடியாது என்றேன். ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நின்று பழகிய கால்கள். சும்மா இருந்தால் வீங்குகின்றன.

கிணறு இறைக்க இரண்டு பேர் வந்தார்கள். சேறு, தகரப் பேணிகள், ஒரு சப்பாத்து. நாளைக்கும் வருவார்கள். பருப்பும் சோறும்.

03.10.2016

வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் வந்துவிட்டது.

விடிய முகம் கழுவும்போது இருமல் கேட்டது. இருமலை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டேன். தனியாகத்தான் வந்திருக்கிறார் போலிருக்கிறது. வேலிக்குக் கிட்டவே, நிழலுக்காகக் கொட்டில் போடுகிறார். மனைவி மங்கையக்கா இடப்பெயர்வில் வன்னியில் இறந்துபோய்விட்டார் என்று எப்போதோ கேள்விப்பட்டேன்.

நான் தலையைத் திருப்பவில்லை.

09.10.2016

கிராம சேவையாளர் வந்தாள். நில அளவையாளர் எல்லைக்கோடு போட வேண்டும், மரங்கள் இப்படிப் பின்னிக் கிடந்தால் போட முடியாது, எல்லை போடாமல் வீட்டுத்திட்டத்துக்கு அனுமதி வராது என்றாள். வேலியை வெட்டினால் நல்லது. ஆனால் பொதுவேலி, இரண்டு பக்கத்தாரும் சம்மதிக்க வேண்டும்.

நிற்கட்டும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டு சொன்னாள்: "பக்கத்து வளவு ஐயாவைக் கேட்டனான். வெட்ட வேண்டாமாம். வீட்டுத்திட்டம் இல்லாட்டிலும் காரியமில்லையாம்."

"அவர் வேண்டாம் எண்டுதான் சொல்லுவார்" என்றேன்.

"ஏனம்மா?"

"அதுக்குள்ள அவரின்ரை இரும்பு கிடக்கு."

அவளுக்கு விளங்கவில்லை. விளக்கவும் எனக்கு விருப்பமில்லை. வெட்டத்தான் வேண்டும், எனக்கு முழுச் சம்மதம் என்று சொல்லி அனுப்பினேன்.

10.10.2016

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன்.

வேலி நடுவில் பொட்டு என்று ஓர் இடைவெளி இருந்தது. குனிந்தால் ஓர் ஆள் நுழையலாம். மங்கையக்கா கறிக்கிண்ணத்தோடு வருவார். நான் அவருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து கொண்டுபோவேன். எங்கள் பக்கம் நிலம் முழுவதும் முருகைக்கல், தோண்ட முடியாது. அவர்களுடைய பக்கத்தில் மண் இருந்தது. மங்கையக்காவின் மனிசன் பங்கர் வெட்டிப் பனங்குற்றி அடுக்கியிருந்தார். ஷெல் சத்தம் கேட்டால் நாங்கள் நாலு பேரும் பொட்டால் ஓடிப்போய் அதற்குள் இறங்குவோம்.

தொண்ணூறாம் ஆண்டு மாசியில் வேலி அடைக்கும்போது, மாஸ்டர் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார் என்று சண்டை. மாஸ்டர் என்றால் என் கணவர், தில்லையம்பலம் மாஸ்டர். இரண்டு பேருமே கெட்ட வார்த்தை பேசத் தெரியாத ஆட்கள். அன்று பேசினார்கள். மறுநாள் அந்த மனிசன் தன்னுடைய பழைய இரும்புக் கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்து, பொட்டின் இரண்டு பக்கக் கதியாலோடும் கம்பியால் முறுக்கிக் கட்டி அடைத்துவிட்டார்.

ஆனியில் ஷெல் விழுந்தது. எனக்கு அன்று பகல் வேலை. வாகீசன் என் தங்கை வீட்டில். மாஸ்டர் மகளைக் கூட்டிக்கொண்டு ஒழுங்கையால் ஓடினார். பொட்டு அடைத்திருந்தால் வேறு எப்படிப் போவது? ஒழுங்கை முடக்கில் அடுத்த ஷெல்.

ஆஸ்பத்திரி வாட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். நான்தான் முதலில் பார்த்தேன்.

14.10.2016

தலையிடி. மழை வரப் பார்க்கிறது. விறகைக் கொட்டிலுக்குள் எடுத்து வைத்தேன்.

28.10.2016

நாளைக்குத் தீபாவளி. சனம் குறைவு என்றாலும் கோயிலில் மணி அடித்தார்கள். மேற்கூரை இல்லாத கோயில்.

மாஸ்டர் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பேனா என்று யோசித்தேன். அவர் போய் நாலு வருடம். கடைசிவரை ஊருக்குப் போகவேண்டும் என்று ஒரு தடவையும் சொல்லாத மனிதர். நான் பக்கத்து வளவுக்காரரைத் திட்டும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார். மென்மையான மனம். பிள்ளையின் கதை வந்தால் தாங்கமாட்டார்.

நான் திட்டுவதை நிறுத்தவில்லை. யாராவது ஒருவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

12.11.2016

மரம் அரியும் ஜெபநேசன் வந்து பார்த்தான். இளவாலைப் பக்கத்து ஆள். வேலி நீளத்துக்கும் நடந்து, தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு மாட்டேன் என்றான்.

"உதுக்குள்ள வாளை வைக்கேலாது அம்மா. இந்தப் பக்கத்து மரங்களுக்குள்ள என்னென்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்? போன வருசம் எங்கடை ஆள் ஒருத்தன் வேம்பு அரியேக்க ஷெல் துண்டு பட்டு வாள் அறுந்து கன்னத்தைக் கிழிச்சது. கண்ணிவெடி எடுக்கிற ஆக்களைக் கொண்டு பாத்துச் சொல்லுங்கோ, வாறன்."

கிராம சேவையாளரிடம் சொன்னேன். ஆட்களை அனுப்ப நாள் எடுக்குமாம்.

அந்த மனிசன் கொட்டில் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மெலிந்துவிட்டார். வேட்டியை நெஞ்சுக்குக் கிட்ட உயர்த்திக் கட்டியிருக்கிறார்.

01.12.2016

காலையிலிருந்து பேய்க்காற்று. தகரத்தின் மேல் கல்லைத் தூக்கி வைத்தேன். பத்து மணியளவில் துவக்கு வெடித்தது போல ஒரு சத்தம். பழைய ஞாபகத்தில் நிலத்தில் குந்திவிட்டேன். பிறகுதான் வேலிப் பக்கம் பார்த்தேன். பெரிய கிளை ஒன்று பிளந்து அந்தப் பக்கம் சரிந்திருந்தது. அடியில் கொட்டில்.

நான் கூப்பிட்டேன். என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்று ஞாபகமில்லை. இருமல் சத்தம் வந்தது.

வேலியால் போக வழியில்லை. ஒழுங்கைப் பற்றைக்குள்ளால், மழையில், சுற்றித்தான் போனேன்.

தகரத்தைக் கிளப்பி ஆளை இழுத்தெடுத்தேன். இடது முழங்காலுக்குக் கீழே சதை கிழிந்து எலும்பு தெரிந்தது. முறிவு இல்லை. என் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினேன். "சீனி வருத்தம் இருக்கோ?" என்று கேட்டேன். "ஓம் மிஸ்ஸி" என்றார். ஆஸ்பத்திரியில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஊரில் அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

இருபத்தாறு வருடத்தில் எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு இதுதான்.

05.12.2016

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு இன்று அனுப்பிவிட்டார்கள். இருக்க இடமில்லை என்று கிராம சேவையாளர் அவருடைய வளவின் மறுகோடியில் கூடாரம் அடித்துக் கொடுத்திருக்கிறாள். தினமும் கட்டு மாற்ற வேண்டுமாம். "அம்மா, நீங்கள் நேர்ஸ்தானே?" என்று என்னைப் பார்த்தாள்.

வேலை என்றால் வேலை. ஒத்துக்கொண்டேன்.

பிளந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். வெளியே இரண்டும் ஒரே மரமாகத்தான் தெரிந்தது. உள்ளே ஒட்டவே இல்லை. இரண்டு மரத்தின் பட்டையும் அப்படியே உள்ளே அகப்பட்டுக் கறுத்துப் போய், மழைத்தண்ணீர் தேங்கி, அழுகி இருந்தது. மேலால் மட்டும் தோல் மூடியிருக்கிறது.

09.12.2016

புண் ஆறுவது மந்தம். விளிம்பில் சீழ். உப்புத் தண்ணீரால் கழுவினேன். நோகும், அவர் சத்தம் போடவில்லை.

கட்டு முடியும்போது சொன்னார்: "மிஸ்ஸி, வேலியை வெட்டாமல் விடுங்கோவன்."

"உங்களை அடிச்சு விழுத்தின மரம். இனியும் ஏன்?"

"மிச்சம் நிக்கட்டும். எனக்கு வீடு வேண்டாம். உங்களுக்கு வேணுமெண்டால் என்ரை பக்கத்தில ரெண்டு முழம் தள்ளி எல்லையைப் போடச் சொல்லுங்கோ. நான் மறுக்கேல்லை."

ஒரு சாணுக்குச் சண்டை பிடித்த ஆள்.

"ஏன், உள்ளுக்குக் கிடக்கிறதை ஊர் பாத்திடும் எண்டோ?" என்று கேட்டேன்.

அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். நல்லாய்க் கேட்டேன் என்று திரும்பி வந்தேன். போட்ட சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

15.12.2016

கண்ணிவெடி ஆட்கள் வந்தார்கள். மரத்தைப் பார்த்தது புவிதா என்ற பெண், கிளிநொச்சிக்காரி. முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு. கையில் தட்டுப் பொருத்திய நீளத் தடி. இரும்பு இருந்தால் கத்தும்.

வேலியின் தொடக்கத்தில் சின்னச் சின்னச் சத்தங்கள். ஷெல் சிதறல்கள், பயமில்லை என்று வெள்ளைச் சாயத்தால் புள்ளி வைத்துக்கொண்டு வந்தாள். பொட்டு இருந்த இடம் வந்தது. இரண்டு பக்கத்து மரங்களும் கிளையால் கிளையைப் பிடித்து, பிறகு பருத்து, அந்த வாசலை முழுவதும் மூடிவிட்டன. ஒரு கை நுழையாது.

தடி சத்தம் போடவில்லை.

"இஞ்சை இன்னொருக்கால் பாருங்கோ பிள்ளை" என்றேன்.

மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தாள். அமைதி. "இதில ஒண்டும் இல்லை அம்மா."

"இருக்க வேணும். கட்டில் சட்டம்."

அவள் ஓர் அடி தெற்கே நகர்ந்தாள். தடி கத்தத் தொடங்கியது. ஒரே நீளச் சத்தம், வேலியோடு அந்தப் பக்கமாக மூன்று மரத்துக்குப் போய் நின்றது. "இந்தா கிடக்கு. நீளமான சாமான். இது வெடிக்கிற வகை இல்லை. ஆனால் வாளைச் சுத்தி வரச் சொல்லுங்கோ."

இடம் மாறிக் கிடக்கிறது. ஆமி கழற்றி எறிந்திருக்கும் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். அவளுக்கு இதில் என்ன.

16.12.2016

கட்டு மாற்றிவிட்டு உடனே திரும்பினேன்.

20.12.2016

ஜெபநேசனும் இரண்டு ஆட்களும் வந்து வேலையைத் தொடங்கினார்கள். பொட்டு இருந்த இடத்தில் அரிந்ததும் அது மளமளவென்று விட்டுக்கொடுத்தது. உள்ளே முழுவதும் மரம்தான். இரும்பு இல்லை, துரு இல்லை.

பிறகு தெற்குப் பக்கத்து மூன்று மரங்கள். சாயப் புள்ளிக்கு வெளியே மேலும் கீழும் அரிந்து, ஆப்பு வைத்துப் பிளந்தார்கள். ஜெபநேசன் வாளை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"உதோ அம்மா நீங்கள் சொன்ன கட்டில்?"

அதுதான். கம்பிகளின் இடைவெளியெல்லாம் மரம் நிரம்பியிருந்தது. சட்டத்தின் ஒரு பக்கம் பொட்டின் ஓரக் கதியாலோடு கட்டிய கட்டு அப்படியே இருந்தது. நாலு முறுக்கு. மற்றப் பக்கம் கட்டு இல்லை. வெட்டிய கம்பித் துண்டு ஒன்று மட்டும் தொங்கியபடி மரத்துக்குள் உறைந்திருந்தது. சட்டம் அந்தப் பக்கமாக மடிந்து, வேலியோடு வேலியாகச் சாய்ந்து கிடந்தது. கதவைத் திறந்தால் அது எப்படிப் போய்ச் சுவரோடு சாயுமோ, அப்படி.

வெட்டு முகத்தில் நடுவே பழைய கதியாலின் வட்டம் தெரிந்தது. மணிக்கட்டுத் தடிப்பு. இரும்பு அதன் தோலைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அதற்கு மேல் வந்த ஒவ்வொரு வருட மரமும் இரும்பைச் சுற்றி வளைந்துதான் வந்திருக்கிறது.

கதியால் கதியாலாக இருந்த நாளிலேயே திறந்துவிட்டார்கள்.

யார்?

அவர் கூடார வாசலில் கதிரையில் இருந்தார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

21.12.2016

காலை கட்டு மாற்றப் போனேன். துணியை அவிழ்க்கவில்லை. எதிரே பெட்டியில் உட்கார்ந்தேன்.

"ஆர் திறந்தது?"

நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமி எண்டு சொல்லுங்கோ, நம்பிக்கொண்டு போறன்."

"பொய் சொல்ல எனக்கு ஏலாது மிஸ்ஸி. சொல்லாமல் இருக்கத்தான் ஏலும்."

"சொல்லுங்கோ."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"முதல் ஷெல் தண்டவாளப் பக்கம் விழுந்தது. மங்கை சொன்னவ, ஓடிப்போய்ப் பொட்டைத் திறவுங்கோ, பிள்ளையள் வருமெண்டு. குறடு எடுத்துக்கொண்டு ஓடினனான். ஒரு பக்கக் கம்பியை வெட்டி இழுத்து மடிச்சன். மாஸ்டர் முற்றத்தில நிண்டவர். பிள்ளையின்ரை கையைப் பிடிச்சபடி. வாங்கோ மாஸ்டர் எண்டு கத்தினன். என்னைப் பாத்தவர்."

"கேக்கேல்லையோ?"

"பாத்தவர் மிஸ்ஸி. பொட்டையும் பாத்தவர். பேந்து திரும்பி ஒழுங்கைப் பக்கம் போனவர். பிள்ளை திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு போனது."

காகம் ஒன்று கத்திக்கொண்டிருந்தது. நான் கேட்காமலே அவர் தொடர்ந்தார்.

"ரோசம் எண்டு நினையாதேங்கோ. அந்த நேரத்தில மனிசருக்கு ஒண்டும் விளங்காது. நானும் அவரைக் கனக்கக் கதைச்சுப்போட்டன். அதுக்குள்ள என்னை எப்பிடி நம்பிறது?"

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"

"செத்த வீட்டுக்கு அடுத்த நாள் மாஸ்டர் வந்தவர். பொட்டடியில நிண்டு அந்த இரும்பைப் பாத்துக்கொண்டே நிண்டவர். 'சிங்கம், மனிசிக்குச் சொல்லாதையுங்கோ, அவவோட நான் சீவிக்க வேணும்' எண்டவர். அதுதான் மாஸ்டர் என்னோட கதைச்ச கடைசிக் கதை. பேந்து எல்லாரும் இடம்பெயர்ந்திட்டம்."

"என்னட்டை இருந்து நீங்கள் வாங்கின ஏச்செல்லாம்..."

"உங்களுக்கு ஏசுறதுக்கு ஓர் ஆள் வேணுந்தானே. அது நானாய் இருந்திட்டால் வீட்டுக்குள்ள அவர் இருக்கலாம்."

நான் கட்டுத் துணியை எடுத்து மடியில் வைத்தேன்.

பிறகு அவர் கேட்டார்: "வதனிக்கு இப்ப என்ன வயசு இருக்கும்?"

பிள்ளையின் பெயரை என் வாயைத் தவிர வேறு வாயில் கேட்டு எத்தனை காலம். நானே இந்த ஏட்டில் இதுவரை எழுதவில்லை.

"முப்பத்தேழு" என்றேன்.

கட்டை மாற்றிவிட்டு வந்தேன். அது பழக்கம்.

22.12.2016

ஒன்றுமில்லை. கிணற்றடி கழுவினேன்.

25.12.2016

மாஸ்டர் எழுந்து வெளியே போவாரே, அதைத்தான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். சட்டையைக்கூடப் போடாமல் போவார். ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் கழித்து வருவார். சாப்பாடு போடுவேன். குனிந்தபடி சாப்பிடுவார்.

அதற்குப் பிறகும் இருபத்திரண்டு வருடம் ஒரே பாயில் படுத்தோம். காய்ச்சலில் பிதற்றும்போதுகூட வாய் விடவில்லை.

கோபம் வருகிறது. யார் மீது என்று பார்த்தால் அந்த இடத்தில், சேர்ட் பொத்தானைப் பிழையாகப் பூட்டிக்கொண்டு, கண்ணாடியைத் தேடியபடி ஒரு வயோதிபர் நிற்கிறார். அவரை நான் என்ன செய்ய?

பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்தது என்று அந்த மனிசன் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

28.12.2016

நில அளவையாளர் வந்து கயிறு பிடித்தார். பழைய காணி உறுதியின்படி மாஸ்டர் கதியாலைச் சரியான இடத்தில்தான் நட்டிருக்கிறார். ஒரு சாணும் பிசகில்லை. சிங்கம் அண்ணையிடம் சொன்னேன். "அப்ப நான்தான் பிழை" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார்.

இரண்டு பேருமாகக் குடித்தோம்.

இரும்பைப் பிடித்துக்கொண்டிருந்த மரத்துண்டை என்ன செய்வது என்று ஜெபநேசன் கேட்டனுப்பியிருக்கிறான். விறகுக்கும் உதவாதாம். புதைத்துவிடச் சொன்னேன்.

04.01.2017

சீழ் நின்றுவிட்டது. விளிம்பில் இளஞ்சிவப்புச் சதை தெரிகிறது. இன்னும் இரண்டு கிழமையில் மூடிவிடும்.

இன்று கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது வாகீசன் கூப்பிட்டான். கையில் மருந்து. கைபேசியைப் பெட்டியின் மேல் வைத்து, சத்தமாகப் பேசவிட்டேன்.

"அம்மா, வேலி வெட்டி முடிஞ்சுதாமே. அந்த ஆள் ஒண்டும் பிரச்சினை பண்ணேல்லையோ?"

"இல்லைத் தம்பி."

"உங்களுக்கு ஏனம்மா அவரின்ரை காலைக் கழுவுற வேலை? தங்கச்சியை நினைச்சால் எனக்கு இப்பவும் கை காலெல்லாம் பதறுது. அந்தாள் அந்தப் பொட்டை அடைக்காமல் விட்டிருந்தால்..."

சிங்கம் அண்ணை காலை மெல்ல எடுக்கப் பார்த்தார். நான் கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"வாகீசன், கேள். வேலியை வெட்டேக்க இரும்பு வெளியில வந்தது. அது திறந்துதான் கிடந்தது. அண்டைக்கு ஷெல் விழேக்க ஓடி வந்து திறந்தது இவர்தான். இவ்வளவு காலமும் நான் பிழையாய்ச் சொல்லிக்கொண்டு இருந்திட்டன். உனக்கும் அதைத்தான் சொல்லி வளர்த்திட்டன்."

பிறகு கேட்டான். கேட்பான் என்று எனக்குத் தெரியும்.

"அப்ப அப்பா ஏனம்மா ஒழுங்கையால போனவர்?"

சிங்கம் அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை. கூடாரத் துணியில் ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷெல் சத்தத்தில இவர் கூப்பிட்டது அப்பாவுக்குக் கேக்கேல்லைத் தம்பி" என்றேன். "பொட்டு திறந்து கிடந்தது அவருக்குத் தெரியாது."

"பாவம் அப்பா" என்றான் வாகீசன். "தெரிஞ்சிருந்தால் போயிருப்பார் என்ன?"

"ஓம். போயிருப்பார்."

கைபேசியை வைத்தேன். சிங்கம் அண்ணை தோளிலிருந்த துவாயால் கண்ணைத் துடைத்தார். நான் புதுத் துணியை எடுத்து, விரித்து, புண்ணின் மேல் வைத்துச் சுற்றத் தொடங்கினேன்.